தமிழ்நிலாவுக்கு பி.பி. இல்லை

மந்தைவெளி,
சென்னை – 28.
20.10.1999, புதன்கிழமை

அன்புள்ள குரு சித்தப்பாவுக்கு,

ஸஹானா பல நமஸ்காரங்களுடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல், எனக்கு அவமானமான இடங்களையும் விடாமல் எழுதப்போகிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதியதும் அம்மா எட்டிப் பார்த்து, “உன் புத்தியைத் தவிரன்னு சேர்த்துக்கோ” என்றாள். சேர்த்துவிட்டேன். அங்கே நீங்களும் சித்தியும் புனே குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக எங்கள் போன் எங்கேஜ்டாகவே இருக்கிறதே, ரிசீவரைச் சரியாக வைக்கவில்லையா என்று கார்டில் கேட்டிருந்தீர்கள். ரிசீவர் சரியாகத்தான் இருந்தது. நான்தான் நெட்டில் இருந்தேன். நீங்கள் புனே போகும்போது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், பள்ளிகளுக்கிடையேயான கட்டுரைப் போட்டிக்குத் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு ‘என் வாழ்வில் உண்மை’. தலைப்புக்கு சம்பந்தமில்லாவிட்டாலும் ஒரு எரிமலைப் படத்தைத் திறந்தேன். முதலில் வானம் வந்தது, பிறகு இன்னும் கொஞ்சம் வானம், பிறகு புகை. பதினோரு நிமிஷம் கழித்து மலை உச்சி எட்டிப் பார்த்த நேரத்தில் லைன் போய்விட்டது, அதனால் மறுபடியும் வானத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த வானம் முழுவதும் நம் டெலிபோன் லைன் வழியாகத்தான் வந்தது என்பது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை பில் வந்ததும் அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் படித்தார். இரண்டு விதமாகப் படித்தாலும் தொகை ஒன்றாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு கேபிள்காரர் கதிரேசன் மாத வசூலுக்கு வந்து நின்றார். “ஒரே ஒயரு சார். டிவி அதுல, நெட்டு அதுல, பேசறதும் கம்ப்யூட்டர்லயே பேசிக்கலாம். தீவாளிக்குள்ள இழுத்துக் குடுத்துர்றேன். பாதி செலவு. இந்த போனை இன்னாத்துக்கு சார் கட்டிக்கினு அழுவுறீங்க?” என்றார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நான் பிறந்த வருஷம் மனு போட்டு, நான் இரண்டாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற காலத்தில் வந்து சேர்ந்த போன் அது. “ஏழு வருஷம் காத்துண்டிருந்து வாங்கினதுய்யா” என்றார். “குடுக்கத்தான் சார் ஏழு வருசம். புடுங்க ஏழு நிமிசம் போதும்” என்றார் கதிரேசன்.

அப்பா எதையும் கணக்குப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டார் என்று உங்களுக்குத் தெரியுமே. “பதினஞ்சு நாள் போன் பக்கத்துல ஒரு நோட்டு வை. மணி அடிச்சா யாரு, யாருக்கு, எத்தனை நிமிஷம்னு எழுது. இந்த போன் நமக்கு எவ்வளவு உபயோகம்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்றார். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டையில் ‘உண்மைப் பதிவேடு’ என்று எழுதி, சிவப்பு மசியில் நான்கு கட்டம் போட்டேன். நெட்டுக்காக நானே டயல் செய்தால் மணி அடிக்காது, எனவே எனக்குக் கட்டம் போட வேண்டிய அவசியம் வரவில்லை. இதை நான் கண்ணியமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

இங்கே வேலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து தினமும் இரண்டு வேளை நடந்து வந்து நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அதே வேலம்மாதான். அவருடைய மகள் தமிழ்நிலா லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, அடையாறில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு மனு போட்டிருந்தாள். குப்பத்தில் போன் ஏது, அதனால் அம்மா நம் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். வேலம்மா என்னிடம் தினமும், “பாப்பா, எங்க பொண்ணுக்கு போனு வரும். வந்தா ஒரு சத்தம் குடு. அந்த ஒரு போனுக்குத்தான் அது ரெண்டு வருசம் படிச்சுகீது” என்பார். நான், “கவலைப்படாதீங்க, எல்லாம் பதிவாகும்” என்பேன். இதை இப்போது எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

நேற்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிவு செய்யும் கூட்டம். கதிரேசன் தோளில் ஒயர்ச் சுருளோடு தயாராக வந்துவிட்டார். நான் மொத்தம் வாசித்தேன். பதினைந்து நாளில் மணி அடித்தது நூற்று முப்பத்தொன்று, அதில் நமக்கு வந்தது இருபத்திரண்டு. மற்றதெல்லாம் மாடி வீட்டுக்கு, பின்கட்டுக்கு, முனையில் இருக்கும் டெய்லர் இனாயத் பாய்க்கு. அவருக்கு மட்டும் முப்பத்தாறு, எல்லாம் ‘ரவிக்கை ஆயிடுத்தா’ என்ற ஒரே விஷயம். அப்பா எழுந்து நின்றுவிட்டார். “இது நம்மாத்து போனா, தெருவுக்கு வச்ச போனா? நாம பில் கட்டணும், ஊரே பேசணுமா? சரண்டர் பண்ணிடலாம். டீ ஸஹானா, தமிழ்லயே ஒரு மனு எழுது!” என்றார். சரண்டர் என்பதற்கு நான் யோசித்து யோசித்து ஒரு நல்ல சொல்லாகப் போட்டேன். “எங்கள் இல்லத்தில் ஏழாண்டுகள் இனிது ஒலித்த இத்தொலைபேசி, இன்று தங்கள் அலுவலகத்தின் திருவடிகளில் சரணாகதி அடைய விழைகிறது. அதனை ஏற்று எங்களை உய்விக்க வேண்டுகிறோம்” என்று தொடங்கி மூன்று பக்கம் போயிற்று. அப்பா அவசரத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி மேஜையில் வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா காபி கலக்கிற நேரத்தில் அப்பா பொழுதுபோக்காகப் பதிவேட்டைப் புரட்டி, திங்கட்கிழமைப் பக்கத்தை உரக்கப் படித்தார். “மாலை மணி 4.35. பெண் குரல். தமிழ்நிலாவுக்கு பி.பி. உண்டா என்று விசாரித்தார். இல்லை என்று உறுதி கூறினேன். இரண்டு நிமிடம்.” தொட்டிமுற்றத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது. வேலம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். “இன்னா பாப்பா அது? இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்ன?”

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அந்த மேடம், “தமிழ்நிலாவுக்கு இது பி.பி.தானே?” என்றார். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஆயிற்றே, வேலைக்கு முன்னால் உடல்நிலையை விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, “சே சே, பி.பி.யெல்லாம் இல்லவே இல்லை மேடம்” என்றேன். “இல்லையா? அப்ளிகேஷன் பாரத்துல பி.பி.ன்னு போட்டிருக்கே” என்றார். “யாரோ தப்பா எழுதியிருக்கா மேடம். அந்தக் குடும்பத்துலயே யாருக்கும் கிடையாது” என்றேன். “அப்ப வெட்டிடவா?” என்றார். “தாராளமா வெட்டிடுங்கோ” என்றேன். அக்கறையாக விசாரித்ததற்கு நன்றியும் சொன்னேன்.

“ஐயோ பாப்பா!” என்று வேலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். “பீபீன்னா பக்கத்து ஊட்டு போனு! எங்க பொண்ணுக்கு இன்னாத்துக்கு ரத்தக் கொதிப்பு வரப்போவுது? இப்ப எனக்குத்தான் வந்துகீது!”

சொந்த போன் இல்லாதவர்கள் அடுத்த வீட்டு நம்பரை எழுதி பக்கத்தில் பி.பி. என்று போடுவார்களாம். நான் தாராளமாக வெட்டச் சொன்னது அந்த நம்பரையே. சித்தப்பா, சொந்த போன் உள்ள வீட்டில் வளர்ந்ததால் அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அது பிரைவேட் பார்ட்டி என்று அம்மாவும், பர்டிகுலர் பர்சன் என்று அப்பாவும் வாதாட ஆரம்பித்தார்கள். கதிரேசன், “வேலம்மாக்கா சொல்றதுதான் சார் கரெக்டு. பக்கத்து போன், பி.பி.” என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பி, “உன்னை யாருடி டாக்டர் ஆக்கினது?” என்றார். வேலம்மா ஒன்றும் திட்டவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “படிச்ச புள்ள, நல்ல மனசோடதான் சொல்லிச்சு” என்றார். திட்டியிருந்தால் எனக்கு சாப்பாடு இறங்கியிருக்கும்.

அம்மா கணக்கு டீச்சர் என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். காபியை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். “ஏன்னா, உள்ளே வர போன்காலுக்கு யாரு காசு குடுக்கறா? அடிக்கறவாதானே? இனாயத் பாய்க்கு முப்பத்தாறு தரம் மணி அடிச்சதுல நமக்கு என்ன செலவு?” அப்பா, “ஒண்ணும் இல்லை” என்றார். “அப்போ பில்லு எதுக்கு வந்தது? நாம அடிக்கறதுக்கு. நம்மள்ல யாரு அடிக்கறா?” மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கதிரேசன்கூட ஒயரை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். “எரிமலை” என்று நான் ஒத்துக்கொண்டேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு வேலம்மா கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்து அம்மா அந்த லேபுக்கு போன் செய்தாள். அந்த மேடம் எடுத்ததுமே, “ஓ, குடும்பத்துலயே பி.பி. கிடையாதுன்னு சொன்னது நீங்கதானா?” என்று சிரித்தாராம். “என் பொண்ணு” என்று அம்மா சொன்ன குரலில் பெருமை எதுவும் இல்லை. நம்பரை மறுபடி எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பத்திலிருந்து ஐந்துக்குள் கூப்பிடுவார்களாம். ஒரே ஒரு தடவைதான் அடிப்பார்கள், எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அதைக் கேட்டதும் அப்பாவே, “அந்த மனுவைக் கிழிச்சுடு. கேபிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்கற வரைக்கும் இந்த போன் இங்கதான் இருக்கும்” என்றார். மேஜையில் இரண்டு பழுப்புக் கவர்கள் இருந்தன, ஒன்று மனு, மற்றது போட்டிக்கு அனுப்ப ஒட்டி வைத்திருந்த என் கட்டுரை. ஒன்றைச் சுக்கலாகக் கிழித்தேன், மற்றதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன். இனி நெட் ஞாயிறு காலை ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும், அதுவும் படம் இல்லாத பக்கங்கள். அப்பா சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்.

ஆகவே நம் போன் எங்கும் போகவில்லை. இனி நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாராளமாகக் கூப்பிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்குச் சனிக்கிழமைதான் வரும் என்று அம்மா சொல்கிறாள், இருந்தாலும் கூப்பிடாதீர்கள். சித்திக்கு என் நமஸ்காரம். அப்பா உங்களுக்கு ஆசீர்வாதமும், அம்மா சித்திக்கு வடாம் மாவுக்கான அளவும் சொல்லச் சொன்னார்கள். அளவு அடுத்த பக்கத்தில்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஸஹானா

பின்குறிப்பு: சித்தப்பா, மேலே உள்ளதை அப்படியே நம்ப வேண்டாம். இப்போது குப்பைக்கூடையைக் கொட்டப் போனபோது அதில் ஒரு துண்டுக் காகிதம் தெரிந்தது. ‘உண்மையே எனக்கு’ என்று என் கையெழுத்து. நான் கிழித்தது என் கட்டுரையை. தபாலில் போனது மனு. நாளைக்கு அது டெலிபோன் ஆபீசில் இருக்கும், நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா, “மனுவுல நம்ம போன் நம்பர் எழுதினியா?” என்றார். எழுதினேன், ஒவ்வொரு இலக்கமும் அழகாக. நாளை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நிற்கப்போகிறார். அம்மா மட்டும் மனுவை நான் முதலில் எழுதிப் பார்த்த நோட்டை வாங்கி மூன்று பக்கமும் படித்துவிட்டு, “இதைப் படிக்கிற ஆபீசருக்கு நாம போனைத் திருப்பிக் குடுக்கறோமா, கோவில் கட்ட நன்கொடை கேக்கறோமான்னே புரியாது. பயப்படாதே” என்கிறாள். நான் எழுதிய தமிழ் யாருக்கும் புரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னிக்கவும். கரண்ட் பில்லாவது குறையட்டும் என்று அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார்.