ஒரு வாரம் மழை வேண்டாம் தாயே

மழையைக் கண்டால் எரிந்து விழும் விவசாயி கொங்கு நாட்டிலேயே ஒருத்தர்தான். அந்த ஒருத்தரும் சூலூர்ப் பக்கம் எங்களுக்கு அடுத்த தோட்டத்துக்காரராக வந்து வாய்த்தார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். எல்லோரும் டேப் ரிக்கார்டரோடு வருவார்கள். இவர் ஈரச் சாக்கில் சுற்றிய பேரீச்சங்கன்றோடு வந்து இறங்கினார். அன்று முதல் ஊருக்கு அவர் பாலைவனத்தார்.

"சேலை எங்கீங்க?" என்றார் அவர் மனைவி, எங்கள் அம்மணியக்கா.

"இது காய்க்கட்டும் அம்மணி, கடையோட சேலை எடுத்துப்போடலாம்!"

கிணற்றோரமாகப் பார்த்து நட்டார். பாலைவனத்து மரத்துக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டு வசமாக மாட்டிக்கொண்டேன்.

"அங்கயும் அடியில தண்ணி ஓடற பக்கந்தானுங்க வளரும். வேருக்குத் தண்ணி வேணும், பழத்துக்கு வெய்யல் வேணும். பழுக்கற நேரத்துல மழை பட்டுச்சு, வெடிச்சு அழுகிப்போயிருமுங்க."

தொண்ணூறுகளின் நடுவில் மரம் பூத்தது, காய்க்கவில்லை. அது பெண் மரம். மகரந்தம் கொடுக்க ஆண் மரம் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. மறு வருசமும் அதே கதை. அம்மணியக்கா கெடு வைத்தார்.

"வர்ற ஆடிக்குள்ள பழம் இல்லீன்னா வெட்டிப்போட்டுத் தென்னை வெக்கறனுங்க."

பாலைவனத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆண் மரம் கேட்டுக் கோயமுத்தூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் ஓர் அத்தர் கடை பாய் வீட்டுப் புழக்கடையில், காய்க்கவே காய்க்காத பேரீச்சை ஒன்று நின்றது. ஆண் மரம்! மாசியில் அதன் பூங்கொத்தைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"மடியில என்னங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"மாப்பிள்ளைங்க."

ஏணி போட்டு ஏறி, பெண் பூவுக்குள் ஆண் பூவைச் செருகிக் கட்டினார். வேடிக்கை பார்த்த எனக்கு அம்மணியக்கா காப்பி நீட்டினார். "கல்யாணத்துக்கு வந்துபோட்டு வெறும் வாயோட போவாதீங்க."

மூன்று குலை பிடித்தது. ஆடி பிறக்க, காய் மஞ்சள் கண்டது. ஊரிலோ சொட்டு மழை இல்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து மழை கேட்டோம். பாலைவனத்தார் முன்னால் நின்று உரக்கக் கும்பிட்டார்.

"தாயே, ஒரு வாரம் தள்ளிக் குடுங்க!"

பூசாரி அடிக்காத குறைதான்.

அம்மன் எங்கள் கட்சி. பானை பொங்குவதற்குள் மழை கொட்டியது. ஊரே கூத்தாட, அவர் மட்டும் தோட்டத்துக்கு ஓடினார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், ஏணி மேல் தொப்பலாக நனைந்தபடி, பேரீச்சைக் குலைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அம்மணியக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வழுக்கி உளுந்துபோட்டா யாருங்க பாக்கறது? எறங்குங்க, நான் ஏறிப் புடிக்கறேன்!"

அதைக் கேட்ட பிறகு சும்மா நிற்க யாருக்கு மனசு வரும்? கோயில் பந்தலின் தார்ப்பாயை அவிழ்த்து வந்து குலைகளுக்கு மேலே இழுத்துக் கட்டினோம்.

ஆடி முடியுமுன் பழம் இறங்கியது. அம்மணியக்கா ஒன்றைக் கடித்தார். பாலைவனத்தார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தென்னையை வரப்போரம் வெச்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

அடுத்த வருசமும் மழை கேட்டுப் பொங்கல் வைத்தோம். கற்பூரம் ஏற்றப் போன பூசாரி, கையை நிறுத்திவிட்டுப் பாலைவனத்தார் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பழம் எறக்கியாச்சுங்களா? தாயிகிட்டச் சொல்லிப்போடலாமுங்களா?"

அவர் தலையாட்டும்வரை ஊரே காத்திருந்தது.