கடைக்கண்ணில் ஓர் ஆள்

கண் விழித்த பஸ் டிரைவர் படுக்கையை விட்டு அசையவில்லை. இடது கடைக்கண்ணில் வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. சட்டென்று திரும்பினார். அலமாரிதான் இருந்தது.

கொஞ்ச நாளாகவே இதே கூத்து. விழிக்கும்போது ஒன்று, பல் துலக்கும்போது ஒன்று என்று ஓரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். வேறு வேலையில் இருப்பவர் என்றால் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். இவருக்கோ வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை. இல்லாத ஆள் தெரிகிறது என்பது டாக்டர் காதில் விழுந்தால், ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் பஸ் கழுவ விட்டுவிடுவார்கள். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர், பயத்தில் பாதியாக இளைத்துப்போனார்.

அறைக்குள் காயும் துணிதான் அப்படித் தெரிகிறது என்று மனைவி கொடியையே அவிழ்த்தாள். உருவம் வலது பக்கத்துக்குக் குடிமாறியது.

மறுநாள் மூக்குக்கண்ணாடியின் இரு ஓரத்திலும் அட்டை ஒட்டி மாட்டிக்கொண்டார். உருவம் தெரியவில்லை. காபியோடு வந்த மனைவியும் தெரியவில்லை. காபி முழுவதும் அவர் மடியில். குதிரைக்குத்தான் இப்படிக் கட்டுவார்கள் என்று சொல்லி அவள் அட்டையைப் பிய்த்தெறிந்தாள்.

கடைசியில் வழி சொன்னது மச்சினன். அதே பஸ்ஸில் கண்டக்டர். கேட்காமலே யோசனை சொல்வதில் மன்னன்.

"கண்டுக்காதீங்க மாமா. ஓரத்துல யாரு வந்து நின்னாலும் திரும்பாதீங்க. யாருமே இல்லன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருங்க. டாக்டர் போட்டு வாங்குவாரு, வாயை விட்றாதீங்க."

சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துப் பயிற்சி ஆரம்பமானது. அன்று மாலையே ஓர் உருவம் பையோடு வந்து பக்கத்தில் நின்றது. இருமியது. மாப்பிள்ளை சௌக்கியமா என்றுகூடக் கேட்டது. அடப்பாவி, பேசவும் கற்றுக்கொண்டுவிட்டதே என்று டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வந்த வழியே மாமியார் திரும்பிப் போய்விட்டார். மனைவி அன்றோடு பேச்சை நிறுத்தினாள். டிரைவருக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. மாமியாரையே கண்டுகொள்ளாதவனுக்கு டாக்டர் எம்மாத்திரம்?

வெள்ளிக்கிழமை, எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். டாக்டர் முகம் மலர்ந்தது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார்.

பார்த்தார். உடனே இடது ஓரத்தில் வெள்ளையாக ஒன்று வந்து நின்றது. சனியன், நேரம் பார்த்து வந்திருக்கிறதே என்று டிரைவருக்கு வியர்த்தது.

"பக்கத்துல ஏதாவது தெரியுதா?" என்றார் டாக்டர்.

போட்டு வாங்குகிறார். "எதுவும் இல்ல டாக்டர்."

உருவம் வலது பக்கம் போனது. கையை வேறு ஆட்டியது.

"இப்போ?"

"உங்க மூக்கைத் தவிர ஒண்ணுமே தெரியல."

டாக்டர் நெற்றியைத் தடவியபடி, நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பெற்ற தாய்மேல் சத்தியமாக எதுவும் தெரியவில்லை என்றார் டிரைவர். ஜெயித்துவிட்டோம் என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது வலது ஓரத்திலிருந்து நர்ஸின் குரல் வந்தது:

"ஆட்டி ஆட்டி என் கையே கழண்டுபோச்சு டாக்டர். ரெண்டு பக்கமும் பார்வை சுத்தமா இல்லன்னு எழுதிடலாமா?"