மூன்றாம் வார்டின் பொது இடம்

இருட்டிய பிறகு தென்றலின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. தவளையும் இல்லை, சுவர்க்கோழியும் இல்லை. பல பேர் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு ரகசியம் பேசுவது போல இருந்தது.

"வருதா?"

"வருது, வருது."

"எனக்கு வரலியே."

"செவுத்தோட ஒட்டி நில்லு, வரும்."

தென்றலின் கணவன் பிரேம் குவைத்தில். வீட்டில் ஆண் துணை என்று சொன்னால் கொடியில் தொங்கும் அவனுடைய பழைய சட்டை ஒன்றுதான். தொட்டிலில் கைக்குழந்தை. அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தாள். சுற்றுச்சுவர் நெடுக, உடம்பே இல்லாத நீல முகங்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன.

அவள் போட்ட கூச்சலில் முகங்கள் போன் வெளிச்சத்திலிருந்து நிமிர்ந்தன. அவற்றில் ஒன்று மளிகைக்கடைக்காரருடையது.

"பயப்படாதம்மா, நாங்கதான். நெட்டுக்கு வந்தோம். நீ பாட்டுக்குத் தூங்கு."

அன்று மத்தியானம் ஏணியோடு இரண்டு பேர் வந்து, "அரசாங்கத்துலேர்ந்து வரோம்" என்று சொல்லி, மாடிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, ஹாலில் இருந்த பிளக்கில் ஒயரைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவர்களை எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று கான்வென்டில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்வியின் முழுப் பயனையும் அவள் அன்றைக்குத்தான் அடைந்தாள்.

பெட்டியின் வரலாறு பெரியது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சிமெண்ட் லாரிகள் ஓயாமல் புழுதி கிளப்பும் ரோட்டில் இருக்கிறது சுண்ணாம்புக்குறிச்சி பேரூராட்சி. குடிமக்களுக்குப் பேரூராட்சியே இணைய வசதி தரலாமா, கூடாதா என்று அங்கே மன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது.

"குடிக்கத் தண்ணி வாரத்துக்கு ஒரு தடவதான் வருது. இதுல இன்டர்நெட்டு குடுக்கப் போறீங்களா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

செயல் அலுவலர் பாலசுந்தரம் எழுந்து பொறுமையாக விளக்கினார். "தண்ணிக்குக் குழாய் வேணும். குழாய்க்குப் பள்ளம் வேணும். பள்ளம் தோண்டுனா மூடணும். நம்மால அது முடியாது. நெட்டு காத்துல வருது. காத்துல பள்ளம் தோண்ட வேண்டியதில்ல."

மன்றம் மேசையைத் தட்டியது. கேபிள் டிவி நடத்தும் கவுன்சிலர் பிச்சைமுத்து மட்டும் தட்டவில்லை. இணையம் என்பது வியாபாரம், வியாபாரத்தில் அரசு மூக்கை நுழைத்தால் நாடு நாசமாகிவிடும் என்று மேசை அதிரப் பேசினார். டீ இடைவேளையில் பராமரிப்பு ஒப்பந்தம் அவருடைய மச்சானுக்கு என்று முடிவானது. டீ குடித்துவிட்டு வந்தவர், இணையம் மனிதனின் பிறப்புரிமை என்று அதே மேசை அதிரப் பேசினார். இப்படியாகத் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. பொதுமக்கள் அதிகம் கூடும் இடத்தில் பெட்டியைப் பொருத்துவது என்று தீர்மானம்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்றல் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"மூணாம் வார்டுல பொதுமக்கள் பெருந்திரளாக் கூடுற இடம் உங்க வூடுதான்னு ஆய்வுல தெரிய வந்திருக்கும்மா" என்றார் பாலசுந்தரம்.

"எங்க வூட்ல நானும் பாப்பாவும் மட்டும்தான் சார் இருக்கோம்."

"ஆய்வுக்கு வந்த அன்னைக்கு நானூறு பேருக்கு மேல இருந்திருக்காங்களே. பந்தல் வசதி, மைக்செட் வசதி, சாப்பாட்டு வசதி எல்லாம் இருந்திருக்கு."

"சார், அது பாப்பாவுக்குக் காதுகுத்து!"

"தெரியும்மா. நானே வந்திருந்தேனே. கெடாக்கறி பிரமாதம்."

"அப்ப உங்களுக்கே தெரியும்ல சார்?"

"பாலசுந்தரத்துக்குத் தெரியும். செயல் அலுவலருக்குத் தெரியாது. இந்த நாற்காலில உக்காந்துட்டா ஆய்வு சொல்றது மட்டும்தான் தெரியணும்."

"மறுபடி ஒரு ஆய்வு பண்ணுங்களேன் சார்."

"தாராளமா. ஆனா இப்ப பண்ணா கூட்டம் இருக்குமே?"

"கூட்டமே அந்தப் பெட்டியாலதான் சார் வருது!"

"பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. பெட்டி சரியான இடத்துலதான் இருக்கு."

தென்றல் குழந்தையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு, "சரிங்க சார், அந்த நெட்டையாவது எனக்குத் தாங்க. பாப்பாவோட அப்பா குவைத்துலேர்ந்து கூப்புட்டா மொகமே தெரிய மாட்டேங்குது" என்றாள்.

"அது பொதுமக்களுக்கும்மா. நீங்க இடத்துப் பொறுப்பாளர். பூசாரி உண்டியல்ல கை வைக்கலாமா?"

"சார், ஒத்தப் பொம்பளை, கைக்கொழந்தையோட இருக்கேன். ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுத்தாக்கூட நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. தூக்கமே இல்ல."

பாலசுந்தரம் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது, தாழ்ப்பாளா? பொது இடத்துலயா?"

அடுத்த நாள் அதே இரண்டு பேர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்கள். பிளக் ஹாலில் இருப்பதாலும், பராமரிப்புப் பணி எந்த நேரத்திலும் நடக்கக்கூடும் என்பதாலும், பொதுச் சேவைக்கு இடையூறாக இருந்த மேற்படி தாழ்ப்பாளை நிர்வாகம் அகற்றுகிறது என்று வாசலில் நின்று ஒப்பித்தார்கள். கழற்றினார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு தென்றல் அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூட்டை மெல்ல உள்ளே நகர்ந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சார்ஜர் இருக்கா?"

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பேரூராட்சித் தலைவி சிந்தாமணி பட்டுப்புடவையில் வந்து, தென்றலின் வாசற்படியில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். துணிக்கொடி இருந்த இடத்தில் 'ஐ லவ் சுண்ணாம்புக்குறிச்சி' என்று விளக்கெழுத்துப் பலகை வந்தது. நடுவில் சிவப்பு இதயம் விட்டு விட்டு எரிந்தது. அது இல்லாத ஊரெல்லாம் ஊரே இல்லை என்பதுதான் அந்த வருஷத்து வழக்கம். பலகைக்குக் கீழே பஜ்ஜிக்கடை முளைத்தது. மழை பெய்தபோது பொதுமக்கள் நனையக் கூடாது என்று ஹாலுக்குள் வந்தார்கள். மழை விட்டது, அவர்கள் போகவில்லை. ஹால் நிறைந்ததும், ரீல்ஸ் எடுக்கும் பெண்பிள்ளைகள் சமையல்கட்டுக்கு நகர்ந்தார்கள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்ததாம்.

"அக்கா, ஒரு நிமிஷம் தள்ளிக்குங்க. ஃபிரேம்ல நீங்க வரீங்க."

"தோச கருகுதும்மா."

"கருகட்டும்க்கா, பொகை சூப்பரா இருக்கு."

அந்த வாரம் பிரேமின் போன் அதிசயமாகத் தெளிவாகக் கேட்டது. "தென்றல், ரொம்ப நாள் கழிச்சு உன் மொகத்தப் பாத்தேன். ரீல்ஸ்ல யாரோ ரெண்டு பொண்ணுங்க ஆடுறாங்க, பின்னாடி நீ பாப்பாவ வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிற. பத்து தடவ பாத்தேன். நம்ம வூடு நல்லா கலகலன்னு இருக்குல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

கடைசியில் அலுவலகமே வந்துவிட்டது. பிறப்புச் சான்று, வீட்டுவரி, குழாய் வரி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். ஊருக்கெல்லாம் இணையம் கொடுத்த பேரூராட்சி தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ள மறந்துவிட்டது. ஆகவே ஊழியர்கள் கம்ப்யூட்டர்களைத் தலையில் தூக்கிக்கொண்டு தென்றலின் ஹாலுக்குக் குடிவந்தார்கள். பாலசுந்தரத்தின் மேசை தொட்டிலை ஒட்டிப் போடப்பட்டது. குழந்தை அழுதால் அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஆபீஸ் நேரத்துல கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்கம்மா."

"அது கொழந்த சார்."

"பொது இடத்துல கொழந்தைய விட்டு வைக்கிறதே தப்பு. வேற எங்கயாவது பாத்துக்கலாமே?"

அவர் சொன்னதில் முதல் முறையாக ஒரு நியாயம் இருப்பதாகத் தென்றலுக்குத் தோன்றியது. தொட்டில் சேலையை அவிழ்த்தாள். ஒரு பாய், பால் புட்டி, குழந்தைக்கு நாலு துணி எடுத்துக்கொண்டாள். வாசலில் பஜ்ஜிக்கு நின்ற கூட்டம், "கொஞ்சம் வழி விடுங்கப்பா, பாவம், யாரோ வெளியூருப் பொண்ணு" என்று அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

பேரூராட்சி அலுவலகம் திறந்தே கிடந்தது. மேசையும் இல்லை, மனிதர்களும் இல்லை, டவரும் இல்லை. அவள் போனில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. ஆகவே இந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மின்விசிறி சுற்றியது. கொக்கியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டதும் குழந்தை கண்ணயர்ந்தது. ஆள் உயரத் தேக்குக் கதவில், விரல் தடிமனில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. தென்றல் அதைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்தது.

கதவைச் சாத்தப் போனபோது, வெளியே ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். தென்றல் வயசுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, வெயிலில் வாடிப் போயிருந்தது.

"அக்கா, சாத்திடாதீங்க. புள்ளைக்குப் பொறப்புச் சான்று வாங்கணும்க்கா. கைக்கொழந்தையோட ரெண்டு பஸ் மாறி வரேன்."

"ஆபீஸ் மூணாம் வார்டுல, ஒரு வூட்ல நடக்குதும்மா."

"அங்கேர்ந்துதான்க்கா வரேன். மனுவ ஆபீஸ்லதான் குடுக்கணும்னு இங்க அனுப்பிட்டாங்க. கொஞ்சம் உள்ள வந்து உக்காந்துக்கறேன்க்கா, புள்ளைக்குப் பசி."

தென்றல் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். தன் குழந்தையைப் பார்த்தாள். உள்ளே ஒருத்தியை விட்டால் பின்னாலேயே ஊர் வரும். நாளைக்கு இந்தத் தாழ்ப்பாளுக்கும் ஸ்க்ரூ டிரைவர் வரும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெளியே வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அதில் நடுக்கமே இல்லை.

"லஞ்ச் டைம்."

மணி காலை பத்தே கால். வந்தவள் வெயிலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, தவறு தன்மேல்தான் என்பது போலத் தலையை ஆட்டி, "சரிங்க மேடம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, படியிறங்கிப் புங்க மரத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தென்றல் கதவைச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.