நசுங்காத எலுமிச்சம்பழம்

மோட்டார் சைக்கிளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டத் தெரிந்தவர்கள் ஒரு வகை. நான் அடுத்த வகை.

அந்த நாட்களில் மாத்தளை டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போனுக்குக் கவர் வாங்க வருகிறவர்கள் என்னிடம் ஒரு விரிவுரையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். எந்த எஞ்சின் எத்தனை சீசீ, எதற்கு எத்தனை வால்வு, ஜப்பான்காரன் அடுத்த மாடலுக்கு என்ன நிறம் அடிக்கப்போகிறான், எல்லாம் எனக்கு மனப்பாடம். யூடியூபில் நான் பார்க்காத பைக் கிடையாது. நிஜத்தில் ஓட்டியது மட்டும் சித்தப்பாவின் ஸ்கூட்டி ஒன்றைத்தான். லைசன் எடுத்ததும் அதில்தான். கியர் என்ற சாமான் என் காலில் பட்டதே இல்லை. (யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.)

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் தாரணி வந்தாள். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மிட்வைஃப். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் குழந்தைகளுக்கு நிறை பார்ப்பதும், கர்ப்பிணிகளை விசாரிப்பதும் அவள் வேலை. அந்த மேட்டுப் பாதைகளில் அப்பாவின் பழைய பைக்கில்தான் போவாள். ஆம், கியர் பைக். ஒருநாள் தன்னையும் ஒரு ரவுண்டு கூட்டிப் போகச் சொன்னாள். என் பைக் கராஜில் கிடக்கிறது என்று சொல்லிவைத்தேன். என்னிடம் பைக்கும் இல்லை, எனக்குத் தெரிந்த கராஜும் இல்லை.

அவளுடைய அப்பா செல்லையா, தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். எல்கடுவ வளைவுகளில் வாழ்நாளெல்லாம் லொறி ஓட்டி ஒரு கோழியைக்கூட இடிக்காத மனிதர். மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளை அவர் ஜாதகத்தில் பார்த்ததில்லை, ரோட்டில்தான் பார்த்தார். ஒருவன் வளைவில் முந்துகிறான் என்று வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருவன் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறானாம். மூன்றாவது ஆள் நல்லவன், வங்கி உத்தியோகம், ஆனால் சிக்னல் போடாமல் திரும்பினானாம். அவனுக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் டவுன் மைதானத்தில் பைக் கண்காட்சி வந்தது. ஒரு கம்பெனி தன்னுடைய புது மாடல்களையெல்லாம் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கூடாரம் போட்டு நிறுத்தியிருந்தது. தாரணி அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"அப்பாகிட்ட பைக்கப் பத்தி மட்டும் பேசுங்க. கல்யாணத்தப் பத்தி மூச்சு விடாதீங்க. ஒங்கள அவருக்குப் புடிச்சிருச்சின்னா மத்தத நான் பாத்துக்கிறேன்."

பைக்கைப் பற்றிப் பேசுவதா? எனக்கா சொல்லித்தர வேண்டும்? பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். சட்டையை இரண்டு தடவை அயர்ன் பண்ணிக்கொண்டு என் சிநேகிதன் பஸ்லானோடு மைதானத்துக்குப் போனேன். அவன் டவுனில் வாப்பாவின் ஏலக்காய், மிளகுக் கடையைப் பார்த்துக்கொள்பவன்.

மைதானமே கிறங்கிப்போய்க் கிடந்தது. புது டயர் வாசனையும் பாட்டுச் சத்தமும் ஒன்றாகக் கலந்து தலைக்கேறியது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பெற்றோல் தாங்கியைத் தடவிக்கொண்டிருந்தார். யட்டவத்தவிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம், முன் விளக்கைப் பார்த்தால் கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருக்கிறதா, கோபப்பட்ட பூனை மாதிரி இருக்கிறதா என்று அடித்துக்கொண்டிருந்தது. பஸ்லான் எந்த பைக்கைப் பார்த்தாலும் பின் சீட்டில் எத்தனை சாக்கு ஏலக்காய் கட்டலாம் என்றுதான் யோசித்தான். விலை கூடிய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றுக்கு அவன் சொன்ன அபிப்பிராயம், "ஒரு சாக்குக்கே எடமில்ல, இதெல்லாம் ஒரு வண்டியா" என்பது.

தாரணியும் அப்பாவும் வந்தார்கள். இங்கே ஒரு சிக்கல். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? "மாமா" என்றால் விஷயம் உடைந்துவிடும். "அண்ணே" என்றால் தாரணி எனக்கு மகள் முறை ஆகிவிடுவாள், அதோடு கதை முடிந்தது. கடைசியில் "சேர்" என்றேன். அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை போலும். வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

பிறகு நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. ஒவ்வொரு மாடலாகக் கூட்டிப் போய் டோர்க் என்றேன், சஸ்பென்ஷன் என்றேன், இதன் சத்தத்தில் ஒரு கம்பீரம் குறைகிறது என்றேன். (எந்த பைக்கும் அப்போது ஸ்டார்ட்டில் இருக்கவில்லை.) என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. கம்பெனியின் விற்பனைக்காரரும், டை கட்டிய ஒரு சிங்கள இளைஞர், மரியாதையோடு வந்து நின்று கேட்டார். செல்லையா மட்டும் குனிந்து டயரைப் பார்த்தார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார், ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். முடிவில் ஒரு சிவப்பு பைக் அருகே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது எல்கடுவ ஏத்தத்துல ரெண்டு பேர வச்சி ஏறுமா?"

"கண்ண மூடிக்கிட்டு ஏறும் சேர்" என்றேன்.

விற்பனைக்காரர் சந்தோஷமாகிவிட்டார். இவ்வளவு தெரிந்தவர் நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள் என்று அந்தச் சிவப்பு பைக்கின் சாவியை என் கையில் வைத்தார். மைதான ஓரத்தில் அதற்கென்றே ரிப்பன் கட்டி ஒரு பாதை இருந்தது. ஏற்கெனவே ஒரு வரிசையும் நின்றது. அவர் என்னை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

பஸ்லான் என் காதில் குனிந்தான். "ஒனக்கு ஓட்டத் தெரியாதுண்டு சொல்லிரு மச்சான். இன்னும் லேட் ஆகல்ல."

தாரணி சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. யூடியூபில் ஆயிரம் தடவை பார்த்த விஷயம், கிளட்சைப் பிடி, கியரைப் போடு, மெதுவாக விடு, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காலைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து செல்லையா கையை நீட்டி மறித்தார். "பூஜ போடாத வண்டியில ஏறப்படாது தம்பி."

இது டெஸ்ட் வண்டிதான், வாங்கவில்லை என்று தாரணி சொல்லிப் பார்த்தாள். வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, முதல் முதலாக உருளப்போகிற சக்கரம் சக்கரம்தானே என்றார் அவர். பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம் எல்லாம் வந்தன. (கொழுந்து லொறிக்காக எப்போதும் வைத்திருப்பாராம்.) கண்காட்சி வாசலில் கட்டியிருந்த செவ்வந்தி மாலையொன்றையும் விற்பனைக்காரரிடம் கேட்டு வாங்கி ஹேண்டிலில் போட்டார். விற்பனைக்காரருக்குச் சிங்களத்தில் விளக்கமும் கொடுத்தார். விளம்பரத்துக்கு நல்ல வீடியோ கிடைக்கிறது என்று அவரும் உருகிப்போய்ப் போனை எடுத்துவிட்டார். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், சூடான பிளேன்டித் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக, எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள் என்று இரண்டு பாஷையிலும் அழைத்தார். கூட்டம் வந்தது. கண்காட்சியில் இருந்த முழுக் கூட்டமும் வந்தது.

முன் விளக்கில் சந்தனம், பொட்டு. கற்பூரம் காட்டியாயிற்று. முன் சக்கரத்துக்கு ஒரு பழம், பின் சக்கரத்துக்கு ஒரு பழம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் போவது.

ஸ்டார்ட் பண்ணி முறுக்கினேன். என்ன சத்தம், என்ன கம்பீரம். உடம்பெல்லாம் அதிர்ந்தது. இன்னும் முறுக்கினேன். காற்று முகத்தில் அடிப்பது போலக்கூட இருந்தது. மரங்கள் மட்டும் ஏனோ நகரவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல், நியூட்ரலில் இருக்கிறது என்று அன்போடு சொன்னது.

கியரைத் தேடிக் காலால் மிதித்தேன். வண்டி ஒரு குதி குதித்து முன் பழத்தைத் தள்ளிவிட்டு அணைந்தது. பழத்தை எடுத்து மறுபடி வைத்தார்கள். மறுபடி அணைந்தது. இதற்குள் ஆளுக்கொரு யோசனை. கிளட்சை விடு என்றார்கள், விடாதே என்றார்கள், அம்மனை நினைத்துக்கொள் என்றார்கள். நான் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். பைக் எகிறியது. டயர் ஓரத்தில் சிக்கிய எலுமிச்சம்பழம் விசுக்கென்று தெறித்துப் பறந்து, மைக்காரரின் கோப்பைக்குள் போய் விழுந்தது. சூடு பட்ட மனிதர் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். அவர் என்னைச் சொன்ன வார்த்தை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

பைக் நிதானமாக இடது பக்கம் சாய்ந்தது. அதைப் பிடிக்கப் பத்துப் பேர் பாய்ந்து வந்தார்கள். என்னைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. பைக் புதுசு, நான் பழசு. எழுந்தபோது ஹேண்டிலில் கிடந்த மாலை என் கழுத்தில் இருந்தது.

செல்லையா கோப்பைக்குள் விரலை விட்டுப் பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல" என்றார்.

என் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அழுகை வந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. வரிசையில் நின்ற யாரும் அந்த பைக்கைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். பூஜை போட்டு, பழம் நசுங்காமல் அரைகுறையில் நிற்கிற வண்டியில் யார் ஏறுவார்கள்? விற்பனைக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சினார். தானே ஏறப் போனார். நாலைந்து பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

தாரணி வந்தாள். தோளிலிருந்த ஹேண்ட்பேக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இதப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

செல்லையா பழங்களை மறுபடி சக்கரங்களுக்கு வைத்தார். அவள் ஏறினாள். ஒரு கிளட்ச், ஒரு கியர். முன் பழம் சப்பென்று நசுங்கியது, பின் பழமும் நசுங்கியது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சிக்னல் போட்டுத் திரும்பி, பிரேக் பிடித்து அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினாள். விசில் பறந்தது. மைக்காரர்கூடச் சூட்டை மறந்து கைதட்டினார். நான் கழுத்தில் மாலையும் கையில் ஹேண்ட்பேக்குமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. பஸ்லான் அதைத்தான் போட்டோ எடுத்தான்.

பிறகு எல்லோரும் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். செல்லையா மீன் வைத்த மாலு பாண் ஒன்றை மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடித்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்தார்.

"எம் மகள நீங்க வந்து கேக்கத்தான் இவ்வளவுமின்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. நானும் ரோட்டுல எத்தனையோ பயலப் பாத்துட்டேன். எல்லாம் வேகமாப் போயித்தான் சாகுறானுங்க. நீங்க ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட சேதம் பண்ணல்ல. ஒங்களால எம் மகளுக்கு ஒரு ஆபத்தும் வராது."

அவரை முதல் தடவையாக மாமா என்று கூப்பிட்டேன்.

அந்தச் சிவப்பு பைக்கையும் நாங்களே லீசிங்கில் எடுத்தோம். மாத்தளையில் வேறு யாரும் அதை எடுக்கப்போவதில்லை என்பது விற்பனைக்காரருக்கும் தெரிந்திருந்தது. எல்கடுவ ஏற்றத்தில் இரண்டு பேரோடு அது ஏறுகிறது, நான் சொன்ன மாதிரியே. பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் கண்ணையும் மூடிக்கொள்கிறேன். பஸ்லான் எடுத்த போட்டோவைக் கல்யாண மண்டப வாசலில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இப்போது அது வீட்டு ஹோலில் தொங்குகிறது. குடும்பத்தில் யார் புதிதாக எதைத் தொடங்கினாலும், புது கேஸ் அடுப்பானாலும் சரி, "பழம் வைக்கவா? மருமகன் தள்ளி நிக்கட்டும்" என்று மாமா ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் என் மகளுக்கு ஒரு சின்னச் சைக்கிள் வாங்கினோம். மாமா வந்து பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார். நான் பிள்ளைக்கு ஒத்தாசையாக ஹேண்டிலைப் பிடிக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். தோளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, நீங்க இதப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றாள்.