தேங்க்ஸ் மாமாவும் ஏழு மெஷின்களும்

கொடுக்காத நன்கொடைக்கு மைக்கில் நன்றி சொல்லி, பிறகு அதைக் கொடுக்கவும் வைத்த மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தேங்க்ஸ் மாமா ஒருவர்தான். அடித்துச் சொல்வேன். பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுவது என் பிழைப்பு. ஏசி ஹாலில் உட்காரவைத்து, முதலில் பழகு, அப்புறம் கேள் என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். நானும் பெரிய இவன் மாதிரி குறிப்பெடுப்பேன். மாமா கேட்டதே இல்லை.

கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடும்வரை, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர் அவர். மூடிய பிறகு, கல்தூசியில் நெஞ்சு கெட்டுப்போன பழைய தொழிலாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கி இரவல் கொடுக்க ஒரு டிரஸ்ட் தொடங்கினார். டிரஸ்ட் என்றால் மாமா, ஒரு நோட்டு, ஒரு வெள்ளைச் சட்டை.

சர்ச் ஆண்டுவிழாவில் பிரியாணிக்கு வந்திருந்த ஹார்டுவேர் கடைக்காரரைப் பார்த்தார். நேராக மைக்கைப் பிடித்து, "நமக்கு ஒரு மெஷின் குடுத்த அண்ணாச்சிக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றார். ஜனம் கைதட்டியது. கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோவ், நான் எப்பய்யா குடுத்தேன்?"

"குடுக்கல சார். குடுப்பீங்க. மனசு கீதே, அத்த சொன்னேன்."

திங்கட்கிழமை மெஷின் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் நகைப்பெட்டிக்குக் காவல் இருந்ததோ இல்லையோ, மைக்குக்கு இருந்தது. பெங்களூர் போகும் காலை ரயிலில் மாமா ஏறினால் பாதிப் பெட்டி தூங்குவதுபோல் நடிக்கும். விடுவாரா? "தோ தூங்கறாரே, இவுரு பெரிய மனசுக்காரரு" என்று தூங்குகிறவரிடமே ஆரம்பித்துவிடுவார். இப்படி ஏழு மெஷின் சேர்த்தார். நோட்டில் யார் பெயர் முன்னால் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடுப்பார். எந்தக் கொம்பன் சிபாரிசும் செல்லாது. ஏழாவது, அதே சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட என் அப்பாவுக்கு வந்தது.

அடுத்த மாதமே மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, படுத்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவுமண் மலையாகக் குவிந்த சயனைடு மேடு. முப்பது வருஷம் அந்தத் தூசியைப் பெருக்கிய நெஞ்சு. ஆக்சிஜன் வைக்கச் சொன்னார் டாக்டர். மாமா நோட்டை எடுத்து அத்தையின் பெயரைக் கடைசியில் எழுதினார். மேலே நாலு பேர் இருந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு ஸ்லைடு தயார் செய்து, அவரைப் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். மாமா வழக்கம்போல் எழுந்து நின்று நன்றி சொன்னார். மேனேஜர் அழகாகச் சிரித்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். திரும்பும்போது ரயிலில் மாமா சொன்னார்: "அவுரு மேல தப்பு இல்ல தம்பி. அங்க அவுரு யாரு முன்னாடி வெக்கப்படுவாரு?" நான் படித்த படிப்பில் இது இல்லவே இல்லை.

அத்தையின் விஷயம் தெரிந்ததும் அப்பா மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டார். "எடுத்துக்கினு போடா அவளுக்கு" என்று ஒரே பிடிவாதம். சுரங்கக் குடியிருப்பில் மூன்று லைன் தள்ளித்தான் மாமா வீடு. ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார். மாமா வாசலை மறித்து நின்றார்.

"லிஸ்ட்ட மாத்தினா நாளைக்கி எவன்டா என்ன நம்பிக் குடுப்பான்?"

சொன்னவர், மெஷினோடு என்னையும் திருப்பிக் கூட்டிவந்து, அப்பா மூக்கில் குழாயைத் தானே மாட்டினார். அப்பா மூச்சிரைக்கச் சொன்னார்:

"லிஸ்ட் உன்னுது. ஷிஃப்ட் என்னுது. காத்தால ஆறுலேர்ந்து ரெண்டு மணி வரிக்கும்தான் எனக்கு டியூட்டி. அதுக்கு மேல இந்த மெஷின் இங்க இருந்தா தூக்கிப் போட்டு ஒடைப்பேன். இன்னா சொல்ற?"

ஷிஃப்ட் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் யாரும் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள். மாமாவும் தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு வருவார், மெஷினைத் தன் ஸ்கூட்டரில் கட்டுவார், போவார். இரண்டிலிருந்து பத்து அத்தைக்கு. இரவு, ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. "உன் ஆளு இன்னிக்கி லேட்டு, சம்பளத்துல புடிச்சிடு" என்று அத்தைக்குச் சொல்லியனுப்புவார் அப்பா. இரண்டு வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஆறு வாரம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அத்தை போய்விட்டார்.

அப்பாவின் ஷிஃப்ட் அது. "அவ காத்த நான் இழுத்துக்கினு கீறேன்டா" என்று அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பிடவில்லை. எனக்கும் அன்று அந்த மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்கக் கூசியது. பெற்ற அப்பா மூச்சு விடுவதற்கு ஒரு மகன் கூசுவானா? கூசினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சரியாக இரண்டு மணிக்கு மாமா வந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுடா."

மாமா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "இன்னாடா பேச்சு இது? ரெண்டு மணிக்கி மாட்டினா, பத்து வரிக்கும் அப்பிடித் தூங்குவா. எத்தினி மாசம் கழிச்சித் தூங்கினா தெரியுமா? அந்தத் தூக்கம் நீ குடுத்ததுடா." பிறகு குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்றைக்கும் இரண்டு மணிக்கு வருகிறார், அப்பா பக்கத்தில் உட்கார. ஞாயிற்றுக்கிழமைகளில் நிதி திரட்டுகிறவர்களுக்குப் பெங்களூரில் கூட்டம் வைத்து என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். போவதில்லை. மற்ற நாளெல்லாம் இரண்டு மணிக்கு நான் பெங்களூரில் வேலையில் இருப்பேன். அந்த ஒருநாளாவது, மாமா வந்து ஸ்கூட்டரை நிறுத்தும்போது நான் வாசலில் நிற்க வேண்டும்.