ரோடு ரோலர் கடல் கடந்த காலை

மொழியே தெரியாதவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து வருவதில்லை. அவன் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். ஏனென்றால் அவன் பேசுவான்.

எனக்கு அப்போது மலாய் அரைகுறையாகத் தெரியும். தெரியும் என்று சொல்லிக்கொண்டதோ முழுசாக. பினாங்கில் நகர அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்த புதிது. "மலாய் பேசுவாயா?" என்று எஞ்சினியர் துரை கேட்டபோது, "தண்ணீர் பட்ட பாடு, சார்" என்பதை இங்கிலீஷில் எப்படியோ சொல்லிவைத்தேன். (பாசாரில் மீன் வாங்கிய மலாய்தான். அதிலும் மீன்காரர்தான் அதிகம் பேசுவார்.)

எங்கள் தீவுக்கு எதிரே, கடலைத் தாண்டிய கரையில் ஒரு சின்ன ஊர். எங்களைப் போல அதற்கும் ஒரு நகரசபை உண்டு. ஆனால் ரோடு ரோலர் கிடையாது. மழை பெய்தால் அவர்களுடைய பாசார் ரோட்டில் மாட்டு வண்டி அச்சுவரை இறங்கிவிடும். பிரசவத்துக்குக் கொண்டு போன ஒரு பெண் வண்டியிலேயே பிள்ளை பெற்றாள் என்று பேசிக்கொண்டார்கள். எங்களிடம் நீராவி ரோலர் இருந்தது, நல்ல கருங்கல் இல்லை. அவர்களிடம் கல் மலையே இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தால் இரண்டு ஊர் ரோடும் உருப்படும் என்பது துரையின் யோசனை. ரோலர் கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே. கல் படகேறி இங்கே வரும். இது சரியாக நடந்தால் அடுத்து தீயணைப்பு எஞ்சினையும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு சபைகளுக்கும் நெடுநாள் பகை. எங்கள் சபையில் பாதிப்பேர், "நம்ம ரோலரைக் கொண்டுபோய்ச் சேத்தில் புதைப்பார்கள்" என்றார்கள். அந்தக் கரையில் பாதிப்பேர், "கல்லை வாங்கிக்கொண்டு ரோலரை அனுப்ப மாட்டார்கள்" என்றார்கள். துரை தன் பெயரையே பணயம் வைத்து எல்லாரையும் சம்மதிக்க வைத்தார். ஒரு சின்ன விபத்து போதும், எல்லாம் கலைந்துவிடும்.

அந்தச் சின்ன விபத்து வெள்ளைக் கால்சட்டையும் புது சப்பாத்துமாகப் படகில் ஏறியது. நான்தான்.

ரோலரை ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். உரத்த குரல், அதைவிட உரத்த கோபம். அந்த ரோலரின் பித்தளை விசிலைத் தன் முகம் தெரியும்வரை தேய்ப்பார். அதைப் பெரிய தட்டைப் படகில் ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு சின்ன நீராவிப் படகால் இழுத்துக்கொண்டு போனோம். நடுக்கடலில் அலை லேசாகத் தூக்கியது. அத்தனை டன் இரும்பும் சங்கிலியில் 'கிறீச்' என்றது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"கிராணி, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது. ரோலருக்கும் தெரியாது" என்றவர், கரை வரும்வரை சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரையில் ஊரே கூடியிருந்தது. தென்னங்குருத்துத் தோரணம் கட்டிய வளைவு, மேளம், மாலையோடு சபைத் தலைவர். தலைவர் பருத்த சீனர், வெள்ளைக் கோட்டு. ஒரு பக்கம், எங்களுக்கு அனுப்புவதற்காகக் கருங்கல் மலை போலக் குவித்திருந்தது. இன்னொரு பக்கம் கண்டல் மரங்களும் கறுப்புச் சேறும். கடல் வற்றிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறத் தொடங்கும் என்றார்கள்.

படகின் முனையைக் கரையில் முட்டவைத்து, தடித்த பலகைகளைச் சரிவாகப் போட்டார்கள். அந்தச் சரிவில்தான் ரோலர் இறங்க வேண்டும். அது வேகம் பிடித்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பெருங்கயிறு. அதைப் படகில் இருந்த முளையில் சுற்றி, பாக் மாட் என்கிற மலாய்க்கார மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மேலே ஏறி உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். முன் உருளை மெதுவாகப் பலகையில் இறங்கியது. பலகை வில்லாக வளைந்தது. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

துரை என் காதருகில் இங்கிலீஷில் சொன்னார்: "கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல். அதற்குப் பிறகு, முன் உருளை தரையைத் தொட்டதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி மலாயில் கத்தினேன்.

"தஹான் குவாட்-குவாட்!" இறுக்கிப் பிடியுங்கள். சரிதான். பிடித்தார்கள்.

அடுத்து 'அதற்குப் பிறகு'. மலாயில் 'லெப்பாஸ் இத்து'. அதுவும் சரிதான்.

"லெப்பாஸ் இத்து..." என்று ஆரம்பித்து, 'தளர்த்து' என்பதற்கு மலாயில் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன்.

அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. 'லெப்பாஸ்' என்றால் 'பிறகு' என்று மட்டும் அர்த்தமில்லை, 'விடு' என்றும் அர்த்தம். கையில் கயிறு வைத்திருக்கிறவனைப் பார்த்து 'லெப்பாஸ் இத்து' என்றால், 'அதை விட்டுவிடு'. பாக் மாட்டின் ஆட்கள் ஒழுக்கமானவர்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

கயிறு முளையில் புகை கிளம்பச் சுழன்று ஓடியது. ரோலர் பலகையில் தடதடவென்று இறங்கியது. அண்ணன் ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு, மறுகையால் விசிலைப் பிடித்து இழுத்தார். காது கிழிந்தது. "ஓடுங்கடா! ஓடுங்கடா!" கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தோரண வளைவு ரோலரின் கழுத்தில் மாலையாக விழுந்தது. தலைவர் தன் கையிலிருந்த மாலையை எறிந்துவிட்டு, அவ்வளவு பெரிய உடம்போடு ஒரு கருவாட்டுக் கூடைக்குள் பாய்ந்தார். கூட்டத்தின்மேல் ஏற்றிவிடாமல் இருக்க அண்ணன் சக்கரத்தை முழு பலத்தோடு ஒடித்தார். ரோலர் திரும்பி, கண்டல் சேற்றுக்குள் 'தொப்' என்று இறங்கி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

அண்ணனைக் காணவில்லை.

எத்தனையோ நாள் எனக்கு அந்த நிசப்தம் கனவில் வந்திருக்கிறது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் எழுந்தது. வாயிலிருந்த சேற்றைத் துப்பியது.

"கிராணி உசிரோட இருக்கானா?"

"இருக்கேண்ணே!"

"அப்படியே நில்லு. வந்து நானே கொல்றேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை.

ஆனால் அதற்குள் கடல் ஏறத் தொடங்கிவிட்டது. எஞ்சினைத் தண்ணீர் மூடினால் ரோலர் போச்சு. ரோலர் போனால் ஒப்பந்தம் போச்சு. பின் சக்கரம் கண் முன்னே சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துரை முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டத்தில் யாரோ, "தீவுக்காரன் புத்தி! வேணும்னே செஞ்சிருக்கான்லா!" என்று கத்த, எங்கள் ஆட்களில் ஒருவன் சட்டைக் கையை மடித்தான். பாக் மாட் என்னிடம் வந்து, "நீ விடச் சொன்னாய், விட்டோம். அப்புறம் ஏன் அழுகிறாய்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

கைகலப்பை நிறுத்தியது தலைவர்தான். கருவாட்டு வாசத்தோடு கூடையிலிருந்து எழுந்து, தண்ணீரைப் பார்த்தார், ரோலரைப் பார்த்தார், ஒருபுறம் குவித்திருந்த கல்லைப் பார்த்தார். "கல்லைப் போடு!" என்று மலாயில் கத்தினார். எங்களுக்கு வர வேண்டிய கல் அத்தனையும் சேற்றில் இறங்கியது. கல் தாங்கியது. அதன்மேல் எங்கள் படகுப் பலகைகள். அந்த ஊர் வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து பூட்டினார்கள். அடித்துக்கொள்ள இருந்தவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். அண்ணன் சேறு வழிய மேலே ஏறி நெருப்பைக் கிளறினார்.

துரை என் பக்கம் திரும்பினார். "இப்போது இழுக்கச் சொல்" என்றவர், சட்டென்று என் வாயைத் தன் கையாலேயே பொத்தினார். "வேண்டாம். நீ கையைக் காட்டு."

அப்படித்தான் நான் இரண்டு ஊர்களுக்கும் ஊமைத் துபாஷி ஆனேன். கையை உயர்த்தினால் இழுப்பார்கள், தாழ்த்தினால் நிறுத்துவார்கள். இழு, நிறுத்து, இழு. தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது, நெருப்புப் பெட்டியை நெருங்கியது. ஒரு முறை கயிறு முறுக்கிக்கொண்டு அலறியபோது, அறுந்துவிட்டது என்று கண்ணை மூடினேன். திறந்தபோது பின் சக்கரம் கல்லின்மேல் ஏறியிருந்தது. விசில் ஊதியது. சேறு பூசிய அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தக் கத்தலில் யார் தீவு, யார் கரை என்று பிரிக்க முடியவில்லை.

ஒப்பந்தம் பிழைத்தது. தலைவர் துரையின் கையைக் குலுக்கி, "ரோலர் நல்ல ரோலர். கிராணியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தக் கல் படுகையை அப்படியே வைத்து அவர்கள் படகுத்துறையைக் கட்டினார்கள். பாசார் ரோடும் அந்த வருஷமே கெட்டியானது. பிறகு தீயணைப்பு எஞ்சினும் கடல் தாண்டியது. (என்னைப் படகுத்துறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.) அண்ணன் என்னைக் கொல்லவில்லை. அதைவிட மோசமாக, என் கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைப் பெண் வீட்டாருக்கு நடித்தே காட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது 'லெப்பாஸ் இத்து' என்றால், கையில் இருப்பதை உடனே கீழே விட வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. எத்தனை பீங்கான் உடைந்தது என்று என் மனைவியைக் கேளுங்கள்.

போன வருஷம் வீடு மாறினோம். நானும் புது மாப்பிள்ளையும் தேக்கு அலமாரியை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை கப்பல் துறையில் வேலை, அசல் மலாய் பேசுவார். அந்தத் தைரியத்தில், "கெட்டியாப் பிடிங்க மாப்பிள்ளை, லெப்பாஸ் இத்து..." என்று ஏதோ சொல்ல வந்தேன்.

மாப்பிள்ளை மரியாதையாக விட்டுவிட்டார்.

வலது கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நான் கத்தியபோது, கீழிருந்து என் மகள் பெருமையாகச் சொன்னாள்: "பார்த்தீங்களாப்பா? நம்ம வீட்டுப் பழக்கமெல்லாம் நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"