கஞ்சிக் குண்டானும் பட்டுப் பாவும்

அன்னிக்கி எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு மாட்டை மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்ட்டு, திரும்ப இட்டுக்கினு வரணும்.

அப்போ நான் பி.ஏ. முடிச்சிட்டு வேலை இல்லாம இருந்தேன். திருப்பருத்திக்குன்றத்துக்கு அந்தாண்ட, மிலிட்டரியிலேர்ந்து ரிட்டையர் ஆன ஒருத்தர் மாட்டுப் பண்ணை வெச்சிருந்தாரு. ஓலைக் கொட்டாய், ஒரு கிணறு, பத்து இருபது மாடு. பால் கறந்து பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சும்மா குடுப்பாரு. அதுக்கு வாலண்டியர் வேணும்னாரு. நான் போய்ச் சேந்தேன்.

வாலண்டியர்னா எனக்குத் தெரிஞ்சது கருட சேவை வாலண்டியர்தான். சட்டையில பேட்ஜ் குத்திக்கினு, கூட்டத்தைப் பார்த்து "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லணும். அவ்ளோதான்.

பண்ணையில பேட்ஜ் இல்லை. சாணிக்கூடை இருந்திச்சி.

பொழுது விடியறதுக்கு முன்னாடி சாணி அள்ளணும். அப்புறம் தண்ணி சேந்தணும். வைக்கோல் உதறணும். வேலி பிரிஞ்ச இடத்துல முள்ளு வெச்சு அடைக்கணும். மத்தியானத்துக்குள்ள அதே இடத்துல வேலி மறுபடி பிரிஞ்சிருக்கும்.

மாட்டுக் கொட்டாய்க்குப் பெரிய அதிகாரி மேரியக்கா. பண்ணைக்காரரே அந்த அக்காவைக் கேட்டுட்டுதான் உள்ள வருவாரு.

அந்த வாரம் புதுசா ஒரு பசு வந்திருந்திச்சி. பேரு ராணி. யாரோ தானமா குடுத்தது. வந்ததுலேர்ந்து வைக்கோலை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். புண்ணாக்கு வெச்சா குண்டானைத் தள்ளிவிட்டுடும். எலும்பு தெரிய ஆரம்பிச்சிடிச்சி.

"தம்பி, இத்த இட்டுக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டு. சாப்பிட மாட்டேங்குதுன்னு சொல்லு"ன்னாங்க மேரியக்கா. "கயித்தைக் கையில சுத்திக்காதே. இழுத்துச்சின்னா நீயும் போய்டுவே."

"பட்டினி கிடக்கற மாடுக்கா, இது எங்க இழுக்கப் போவுது"ன்னு சொல்லிட்டு, கயித்தைக் கையில நல்லா ரெண்டு சுத்து சுத்திக்கினேன்.

தறிக்காரங்க இருக்கற பிள்ளையார்பாளையம் வரைக்கும் ராணி அழகா நடந்திச்சி. நானும் மாடு மேய்க்கறதுல கெட்டிக்காரன் மாதிரி நடந்துக்கினு இருந்தேன்.

ஒரு தெருவுல திரும்பினா, புடவை நெய்யறதுக்குப் பாவு நீட்டியிருக்காங்க. தெரு நீளத்துக்கு அரக்கு கலர் பட்டு நூலை இடுப்பு உயரத்துல இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவெச்சிக்கினு இருக்காங்க. அதுக்கு அடியில ஒரு குண்டான் நெறைய அரிசிக் கஞ்சி.

ராணி நின்னுது. மூக்கைத் தூக்கிச்சி.

அப்புறம் நான் நடக்கலை. கூடவே பறந்தேன்.

மாடு நேரா பாவுக்கு அடியில தலையை வுட்டு, குண்டானுக்குள்ள வாயை வெச்சிடிச்சி. நான் மண்ணுல உக்காந்தபடி பாவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேந்தேன். இப்போ ரெண்டு கொம்பும் பட்டு நூலுக்கு ஒரு விரக்கடை கீழ நிக்குது.

பாவுக்காரர் ஏழுமலை கத்தலை. ரொம்ப மெதுவா, தூங்கற கொழந்தைகிட்ட பேசற மாதிரி பேசினாரு.

"யோவ். அசையாதே."

"ஒண்ணும் ஆவாதுங்க. கயித்தை இழுத்துடறேன்."

"இழுத்தீன்னா தலையைத் தூக்கும். தூக்குச்சின்னா போச்சி. மூணு கல்யாணப் புடவைய்யா இது."

அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சி. நான் கயித்தைத் தளர வுட்டேன்.

"அது குடிச்சிக்கினு இருக்கற வரைக்கும் தலையைத் தூக்காது. கஞ்சி தீரக்கூடாது"ன்னாரு. அப்புறம் தெருவைப் பார்த்து, "யார் வூட்லயாவது கஞ்சி இருக்குதாமா?"

தெருவே எழுந்து ஓடிச்சி. ஒருத்தர் வடிச்ச கஞ்சி எடுத்தாந்தாங்க. ஒருத்தர் பழைய சோத்துத் தண்ணி. எதிர் வூட்டு ரங்கம்மா தெலுங்குக்காரங்க, அவங்க மதியத்துக்கு வெச்சிருந்த ரசத்தையே எடுத்தாந்து, "இதி தாகுதுந்தா?"ன்னு கேட்டாங்க. குடிக்குமான்னு கேக்கறாங்க. குடிச்சிது.

ஒவ்வொருத்தரும் குனிஞ்சு என்கிட்ட குடுப்பாங்க. நான் சத்தம் வராம குண்டான்ல ஊத்துவேன். கோயில்ல அபிஷேகம் பண்றவங்க கூட அவ்ளோ பயபக்தியா ஊத்தியிருக்க மாட்டாங்க.

"தம்பி, உன் தலையையும் கொஞ்சம் தாழ்த்திக்கோ"ன்னாரு ஏழுமலை. "மாட்டுக் கொம்பைவிட உன் முடிதான் எனக்கு பயமா இருக்குது."

அந்தக் காலத்துல ஸ்டைலுன்னு முடி வளர்த்து வெச்சிருந்தேன். குனிஞ்சேன்.

அதுக்குள்ள தறியை வுட்டுட்டு ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் வந்துட்டாங்க. பாவுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு, இழுத்துக் கட்டியிருந்ததைத் தளர்த்தி, கையாலயே பாவை ஏந்திக்கினாங்க. ஏழுமலை தலையாட்டினதும் எல்லாரும் ஒண்ணா தலைக்கு மேல தூக்கினாங்க.

"இப்போ குண்டானோட அப்படியே பின்பக்கமா நகரு. அது உன் பின்னாலேயே வரும்."

நான் குண்டானைக் கட்டிப் புடிச்சிக்கினு, மண்டி போட்டபடியே பின்னால நகர்ந்தேன். ராணி குண்டான்லேர்ந்து வாயை எடுக்காம ஒவ்வொரு அடியா வந்திச்சி. வால் ஆடப் போவுதுன்னு யாரோ சொல்ல, ரங்கம்மா ஓடிவந்து வாலைக் கெட்டியா புடிச்சிக்கினாங்க. மேல பட்டு விதானம், நடுவுல மாடு, முன்னால நான். சாமி ஊர்வலம் மாதிரியே இருந்திச்சி.

மாடு வெளிய வந்திச்சி. ஒரு இழைகூட அறுபடலை. தெருவே மூச்சு வுட்டுது.

பாவைப் பழையபடி இறக்கினாங்க. அந்த சந்தோஷத்துல நான் படக்குன்னு எழுந்து பாவை ஒட்டிப் போய் நின்னேன்.

என் சட்டைப் பித்தான்ல நாலஞ்சு இழை மாட்டி, அறுந்திச்சி.

ஏழுமலை என்னைப் பார்த்தாரு. மாட்டைப் பார்த்தாரு. "அதுக்கு இருக்கற நிதானம் உனக்கு இல்லையேப்பா"ன்னு சொல்லிட்டு உக்காந்து இழையை முடிச்சுப் போட ஆரம்பிச்சாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தோம்.

"என்ன உடம்புக்கு?"ன்னாரு டாக்டர்.

"சாப்பிடவே மாட்டேங்குது சார்."

அவரு ராணி வயித்துல கையை வெச்சித் தட்டினாரு. மத்தளம் மாதிரி சத்தம் வந்திச்சி. மாடு ஒரு ஏப்பம் வுட்டுது. ரச வாசனை அடிச்சிது.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதுவா சாப்பிட மாட்டேங்குது?"ன்னாரு. நான் நடந்ததைச் சொன்னேன்.

"எங்கியோ கஞ்சி காட்டி வளர்த்த மாடுப்பா இது. இன்னிக்கி ஒண்ணும் குடுக்காதே. நாளையிலேர்ந்து வைக்கோல்ல கொஞ்சம் அரிசிக் கஞ்சி தெளிச்சி வை. பழகிக்கும்"னாரு.

மேரியக்காகிட்ட வந்து சொன்னேன். "அரிசிக் கஞ்சிக்கு நான் எங்க போவேன்? இங்க அரிசி பொங்கறதே ஞாயித்துக்கிழமைதான், மத்த நாளெல்லாம் நமக்கே கேழ்வரகுக் கூழுதானே. நீ போய் அந்தத் தெருவுலயே கேளு"ன்னாங்க.

மறுநாள் காலையில தூக்குவாளியோட பிள்ளையார்பாளையத்துல போய் நின்னேன். ஏழுமலை பாவு பக்கத்துல இருந்தாரு. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் விரிச்சிக்கினு பாவுக்கு முன்னாடி வந்து நின்னாரு.

"மாடு எங்க?"

"வரலைங்க. நான் மட்டும்தான்."

"உன்னைத்தான்யா சொல்றேன், அங்கயே நில்லு." உள்ள திரும்பி, "ஏமா, கஞ்சி கொஞ்சம் எடுத்தா"ன்னாரு.

தெனமும் தூக்குவாளியை நீட்டுவேன், ரொப்பிக் குடுப்பாங்க. ராணி ஒரே மாசத்துல கொழுகொழுன்னு ஆயிடிச்சி.

எனக்கு மட்டும் கடைசி வரைக்கும் கேழ்வரகுக் கூழுதான்.